நாற்பது கழியக் காத்திருக்கலாமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

பெருமானார் (ஸல்) அவர்கள் ஜமாஅத்தாகத் தொழவைக்க நிற்பார்கள். நீட்டித் தொழ வேண்டுமென்ற எண்ணமும் இருக்கும். அந்நேரம் ஒரு பச்சிளங் குழந்தை அழும் சப்தம் காதில் விழும். உடனே தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். பிள்ளை அழுதால் பெற்றவளின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை அறிந்திருப்பதாலேயே அவ்வாறு செய்வதாக விளக்கமும் தந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

தொழுகையைவிட மேலான வணக்கம் நமக்கு எது? அதையே ஒரு தாயின் தவிப்புக்காகச் சுருக்கினார்கள் என்றால், நாமாக ஏற்படுத்திக்கொண்ட வீட்டுப் பழக்கங்களை எவ்வளவு சுருக்கிக்கொள்ள வேண்டும்! இந்தப் பாடத்தை மனத்திற் கொண்டு, இதயக் கோளாறுடன் பிறந்த குழந்தையைப் பற்றியும், அதைத் தூக்கிக்கொண்டு தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தாயைப் பற்றியும் இம்மாதம் பேசுவோம்.

அடையாளம் அறிவோம்

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இதயத்தில் ஏதாவதொரு குறையுடன் பிறக்கிறது. சிலவற்றுக்கு இதயத்தின் இரு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் துவாரம் இருக்கும். சிறிய துவாரமானால் தானே மூடிக்கொள்வதும் உண்டு. சிலவற்றுக்கு நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கும். இன்னும் சிலவற்றுக்கு இதயத்திலிருந்து புறப்படும் இரு பெரிய இரத்தக் குழாய்களும் இடம் மாறி அமைந்திருக்கும்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? இரண்டு வாய் குடித்ததும் களைத்து விட்டுவிடுகிறதா? மூச்சு வேகமாக வாங்குகிறதா? எடை ஏறவில்லையா? அடிக்கடி மார்ச்சளி பிடிக்கிறதா? உதடும் நாக்கும் நீலம் பாய்கின்றனவா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குழந்தை டாக்டரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது. பிறந்து ஒரு நாள் கழிந்தபின் குழந்தையின் காலில் சிறு கருவியை மாட்டி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். வலியில்லாத சோதனை அது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும் முன் அதைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

"நீலம் பாய்ந்த பிள்ளை தங்காது" என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தார்கள். அவர்கள் காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1944ஆம் ஆண்டு நவம்பரில்தான் நீலம் பாய்ந்த குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக ஆபரேஷன் செய்யப்பட்டது. ஆபரேஷன் நேரத்தில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முறை 1953ல் வெற்றி கண்டது. இன்று சென்னை, வேலூர், திருவனந்தபுரம் முதலிய ஊர்களில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கும் இந்த வைத்தியம் நடக்கிறது. அன்று சொன்ன சொல்லை இன்றும் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாகாது.

இந்தக் கல்வி நமக்கு அந்நியமானதுமல்ல. இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று இடப்புறம் திரும்புகிறது என்பதை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவர் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள். ஷாபிஈ ஃபிக்ஹு பாடம் நடத்திய ஆலிம் அவர். கெய்ரோவின் பெரிய வைத்தியருமாவார். கி.பி. 1288ல் மறைந்தபோது தம் வீட்டையும் கிதாபுகளையும் அவ்வூர் மன்ஸூரி ஆஸ்பத்திரிக்கே விட்டுச் சென்றார்.

நாற்பது நாள் என்பது என்ன?

இத்தகைய குழந்தைகளின் விஷயத்தில் நம்மிடம் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஹஜ்ரத், நாற்பது கழியவில்லையே, தாயைப் பிரயாணம் அனுப்பலாமா?" சில வீடுகளில் இந்தக் கேள்வியும் கேட்கப்படுவதில்லை. தாயை அறையில் இருத்திவிட்டு, வாப்பாவோ மாமாவோ குழந்தையை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள். வேறு சில வீடுகளில் நாற்பது முடியட்டும் என்று குழந்தையின் வைத்தியத்தையே தள்ளிவைக்கிறார்கள்.

இதன் ஆபத்தை உணர வேண்டும். தாயின் கருவில் இருக்கும்போது குழந்தையின் இதயத்தருகே சிறு குழாய் ஒன்று திறந்திருக்கும். பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். சில வகைக் கோளாறுகளில் குழந்தை உயிரோடிருப்பதே அந்தக் குழாயினால்தான். டாக்டர்கள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி அதை மூடவிடாமல் வைத்து, ஆபரேஷனுக்கு அனுப்புகிறார்கள். பெரிய இரத்தக் குழாய்கள் இடம் மாறிய குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஆபரேஷன் செய்வதே வழக்கம். அப்படியிருக்க, நாற்பதாம் நாள் யாரைத் தூக்கிக்கொண்டு போவது?

ஷரீஅத்தில் நாற்பதின் நிலை இதுதான். பிள்ளைப்பேற்று உதிரமாகிய நிஃபாஸுக்கு ஷாபிஈ மத்ஹபில் குறைந்த அளவு ஒரு நொடி. பெரும்பாலும் நாற்பது நாள். கூடிய அளவு அறுபது நாள். ஹனஃபி மத்ஹபில் குறைந்த அளவுக்கு வரையறை இல்லை. கூடிய அளவு நாற்பது நாள். உதிரம் பத்தாம் நாள் நின்றுவிட்டால் பதினோராம் நாளுக்காகக் காத்திராமல் குளித்துத் தொழ வேண்டியதுதான். உதிரம் இருக்கும் நாட்களில் தொழுகை, நோன்பு, குர்ஆனைத் தொடுதல் போன்ற சில காரியங்களே விலக்கப்பட்டுள்ளன. பிரயாணம் செய்வதோ, வாசற்படி தாண்டுவதோ, ஆஸ்பத்திரியில் தங்குவதோ அந்த விலக்குகளில் இல்லை. பெற்றவளின் கை பட்டால் குழந்தைக்குத் தீட்டு என்பதற்கும் மார்க்கத்தில் இடமில்லை.

நாற்பது நாள் வழக்கத்தில் ஒரு நன்மை உண்டு. பெற்ற உடம்புக்கு ஓய்வும் நல்ல ஆகாரமும் கிடைக்கின்றன. அந்த ஓய்வையும் ஆகாரத்தையும் தாயோடு ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவையுங்கள் என்கிறோம். வயிற்றில் தையல் போட்டவளைப் பஸ்ஸில் நிற்க வைத்து அனுப்பலாகாது. மாத்திரைச் சீட்டு, மாற்றுத் துணி, சாய்ந்து உட்கார ஒரு தலையணை, கூடவே அனுபவமுள்ள ஒரு பெரியும்மாவோ ராத்தாவோ போக வேண்டும். அதிகக் காய்ச்சல், அளவுக்கு மீறிய உதிரப்போக்கு, தையலில் சீழ் இவற்றில் ஏதேனும் கண்டால் தாய்க்கும் உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். அவளும் ஒரு நோயாளிதான்.

தாய் உடன் போவதில் குழந்தைக்கு இன்னொரு பெரும் பயன் உண்டு. அது தாய்ப்பால். பிரசவமானதும் சுரக்கும் சீம்பாலைக் குழந்தைக்குப் புகட்டுவது தாயின்மீது கடமை என்று நவவி இமாம் (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், தாய் மூன்று மணிக்கொரு முறையாவது பாலைப் பிழிந்தெடுத்து வர வேண்டும். அப்போதுதான் பால் வற்றாது. எப்படி எடுப்பது, எங்கே குளிரில் வைப்பது என்பதை நர்ஸ்கள் சொல்லித் தருவார்கள். பால் எடுக்கும் வேளையில் மறைவுக்கு ஒரு துப்பட்டியும், அருகில் ஒரு பெண் துணையும் இருந்தால் அவளுக்கு எத்தனை ஆறுதல்!

தாயைப் பழிக்காதீர்!

"கிரகணத்தில் வெளியே போனாள்", "அதைத் தின்றாள், இதைத் தின்றாள்" என்று பெற்றவள் தலையிலே பழியைப் போடுவோர் இருக்கிறார்கள். இவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே பதில் இருக்கிறது. அவர்களின் அருமைப் புதல்வர் இப்ராஹீம் (ரலி) அவர்கள் பால் குடிக்கும் பருவத்தில் மறைந்த அன்றே சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றில் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் பெருமானார் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். தம் மகனைப் பறிகொடுத்த நாளிலேயே இதை எடுத்துரைத்தார்கள் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இக்கோளாறு ஏன் வந்தது என்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை. ஆகவே பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஆதாரமில்லாத அவதூறாகும். நோயுற்ற குழந்தைக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

வழியிலும் ஆஸ்பத்திரியிலும் சில மஸ்அலாக்கள்

உதிரம் நிற்காத தாய்க்குத் தொழுகை இல்லை. அதைப் பிறகு களாச் செய்யவும் வேண்டியதில்லை. எனினும் துஆ, திக்ரு, ஸலவாத்து எதற்கும் தடையில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே அவள் நாவு ஓய வேண்டியதே இல்லை.

உதிரம் நின்று குளிக்க வேண்டிய நேரத்தில், தையலில் நீர் படக்கூடாது என்று டாக்டர் தடுத்திருந்தால் அதற்குத் தயம்மும் சலுகை உண்டு. அதன் முறையை முன்கூட்டியே தம் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும்.

சுமார் 80 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட பிரயாணத்தில் நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாபிஈ மத்ஹபுக்காரர்கள் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். போன ஊரில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, நான்கு நாட்கள் தங்க வேண்டிவரும் என்று தெரிந்தால் ஷாபிஈகள் முழுமையாகத் தொழ வேண்டும். இன்று விடுவார்களா நாளை விடுவார்களா என்று தெரியாத நிலையில் பதினெட்டு நாட்கள் வரை சுருக்கலாம். ஹனஃபிகளுக்குப் பதினைந்து நாள் தங்கும் நிய்யத்து இருந்தால்தான் முழுத் தொழுகை.

ரமளானில் உதிரம் உள்ளவளுக்கு நோன்பே கூடாது. பிறகு களாச் செய்ய வேண்டும். சுத்தமான பின்பும், நோன்பு வைத்தால் பால் குறைந்து குழந்தைக்குக் கேடு வருமென அஞ்சினால் விட்டுவிடலாம். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டவள் ஷாபிஈ மத்ஹபில் களாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியமும் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் களா மட்டும் போதும்.

பெயர் சூட்டுதல், முடியிறக்குதல், அகீகா ஆகியவை ஏழாம் நாள் ஸுன்னத்துகள். குழந்தை ஆபரேஷன் மேஜையில் கிடக்கும்போது இவற்றுக்காக வைத்தியத்தை நிறுத்தத் தேவையில்லை. பெயரை முன்பே வைத்துவிடலாம். அகீகாவைக் குழந்தை பருவமடையும் வரை பிற்படுத்த ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. தேன், சேனை, ஓதிய தண்ணீர் எதையும் டாக்டருக்குத் தெரியாமல் குழந்தையின் வாயில் விடாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தீங்கு செய்யும். குழாய் வழியே பால் போகும் குழந்தைக்கு ஒரு சொட்டும் மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். தீங்கு விளைவிக்கலாகாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. ஓத விரும்புவோர் துஆவை ஓதி மெல்லக் கையால் தடவிவிடட்டும். அதற்கும் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொள்ளட்டும்.

கணவருக்கு ஒரு வார்த்தை

ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு பத்ருப் போர் நடந்தபோது உஸ்மான் (ரலி) அவர்கள் அதில் கலந்துகொள்ளவில்லை. அவர்களின் மனைவியும் பெருமானாரின் புதல்வியுமான ருகைய்யா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அருகிருந்து பார்த்துக்கொள்ளும்படி நபியவர்களே உஸ்மானை இருத்திச் சென்றார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவர்களுக்கு உண்டென்றும் அறிவித்தார்கள்.

கடையை அடைத்தால் வியாபாரம் போகும், அரபு நாட்டிலிருந்து வந்தால் சம்பளம் போகும் என்று தயங்கும் சகோதரர்கள் இதைக் கவனிப்பார்களாக. பத்ரைவிட முக்கியமான அலுவல் எவருக்கு உண்டு? உண்மையிலேயே வர முடியாதவர், தாயின் வாப்பா, சகோதரர், தாய்மாமன் போன்ற மஹ்ரமான ஒருவரைத் துணைக்கு ஏற்பாடு செய்யட்டும். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்தைத் தாயே போடலாம் என்பதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும். டெலிபோன் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு குழந்தையின் நேரம் வீணாகக் கூடாது.

ஊராரின் பங்கு

பாலைவனத்தில் கைக்குழந்தையுடன் தன்னந்தனியே நின்ற அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் அல்லாஹ் கைவிடமாட்டான் என்று உறுதியாக நம்பினார்கள். அதே சமயம் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடவும் செய்தார்கள். அந்த ஓட்டத்தையே அல்லாஹ் ஹஜ்ஜின் அமலாக்கினான். இன்று ஊர் தெரியாத பட்டணத்தில், ஸ்கேன் அறைக்கும் இரத்த வங்கிக்கும் பணம் கட்டும் இடத்துக்கும் ஒரு தாய் ஓடிக்கொண்டிருந்தால், அவளுக்குப் பதிலாக ஓடுவது ஜமாஅத்தாராகிய நம் பொறுப்பு.

ஜஅஃபர் (ரலி) அவர்கள் முஃதாவில் ஷஹீதானபோது, அவர்களின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்பும்படி நபியவர்கள் பணித்தார்கள். அவர்கள் வேறு கவலையில் ஆழ்ந்திருக்கிறார்கள் என்பதே காரணம். இந்தக் காரணம் இங்கும் பொருந்துகிறது. எனவே ஒவ்வொரு மஹல்லாவிலும் இமாமும் முத்தவல்லியும் பெண்களில் மூத்தவர்களும் கூடி, கீழ்க்கண்டவற்றை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஒன்று: ஊரிலிருக்கும் மற்றப் பிள்ளைகள். அவர்களுக்குச் சோறு, பள்ளிக்கூடம், மதரஸா, இரவுத் துணை. மூத்த பிள்ளை பசியோடிருக்கிறது என்று கேட்டால் தாய்க்கு ஆஸ்பத்திரிச் சோறு இறங்காது.

இரண்டு: ஆஸ்பத்திரித் துணை. ஒரே பெண் மாதக் கணக்கில் விழித்திருக்க முடியாது. வாரம் ஒருவராக மாறிச் செல்லட்டும். சென்னை மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் நம் ஊர்க்காரர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு வீட்டார் காலைப் பசியாற, ஒரு வீட்டார் மதியச் சோறு, ஒரு வீட்டார் துணி துவைத்துத் தருவது என்று ஏற்றுக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை.

மூன்று: இரத்தம். இதய ஆபரேஷனுக்கு இரத்தம் தேவைப்படும். கொடுக்கத் தகுதியுள்ள வாலிபர்களின் பெயரும் இரத்த வகையும் மஹல்லாவில் எழுதி வைக்கப்பட்டிருக்கட்டும். இரத்தம் கொடுப்பதால் பால்குடி உறவு போன்ற எந்த உறவும் உண்டாகாது, தயங்க வேண்டாம்.

நான்கு: காகிதங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடந்துவருகிறது. பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பும் மத்திய அரசின் திட்டம் 2013ல் தொடங்கியது. குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார், பிறப்புச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் படித்த ஒருவர் கூடப் போனால், பல குடும்பங்கள் நகையை விற்காமல் தப்பிக்கும்.

ஐந்து: பணம். ஏழை, கடன்பட்டவர் என்ற வகையில் இத்தகைய குடும்பத்துக்கு ஜகாத் கொடுக்கலாம். ஊரில் வசதியுள்ளவராயினும், வழியில் கையிருப்புத் தீர்ந்து நிற்பவர் வழிப்போக்கர் என்ற வகையில் பெறத் தகுதியாவார். ஜகாத்தை உரியவர் கையில் உடைமையாக்க வேண்டும். அவர் அனுமதி கொடுத்தால் அவர் சார்பில் ஆஸ்பத்திரியில் கட்டலாம். பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பிப் பணம் திரட்டுவது அவர்களின் மானத்தில் கைவைப்பதாகும்.

நோய் விசாரிப்பது பெரும் நன்மைதான். ஆயினும் ஆபரேஷன் ஆன குழந்தையைப் பார்க்க வேன் நிறைய ஆட்கள் போவது நன்மையாகாது. சளி, இருமல் உள்ளவர் ஒருவர் போதும், தீங்கு விளைய. தாய்க்கு நாளொன்றுக்கு நாற்பது பேர் போன் செய்து ஒரே கதையைக் கேட்பதும் வேதனை. உறவினரில் ஒருவர் தாயிடம் செய்தி கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

திரும்பிய பின்

குழந்தை நலமாகத் திரும்பினால் நம் வேலை முடிந்துவிடவில்லை. மார்பெலும்பு கூடும் வரை, சுமார் ஆறு வாரங்களுக்கு, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கையைத் தலைக்கும் ஒரு கையைப் புட்டத்துக்கும் கீழே கொடுத்து ஏந்த வேண்டும். மருந்தை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். மறு பரிசோதனைக்கு அழைத்த நாளில் போக வேண்டும். அந்தப் பிரயாணத்துக்கும் துணை வேண்டும். தாய் எந்நேரமும் அழுதுகொண்டோ, உறக்கமின்றியோ, குழந்தையையே வெறித்துக்கொண்டோ இருந்தால், ஈமான் குறைவு என்று பேசாமல் அவளுக்கும் வைத்தியம் பாருங்கள். மூஸா (அலை) அவர்களின் தாயாரின் உள்ளம் பிள்ளையைப் பிரிந்து வெறுமையாகிப் போனதை அல்லாஹ் தன் திருமறையிலேயே சொல்லிக் காட்டுகிறானே!

அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்து குழந்தை மறைந்துவிட்டால், மரணித்த ஊரிலேயே அடக்குவதுதான் சிறந்தது. அவ்வூரிலுள்ள நம்மவர்கள் குளிப்பு, கஃபன், ஜனாஸா, கப்று அனைத்தையும் பொறுப்பேற்கட்டும். அழும் தாயை அதட்டாதீர்கள். மகன் இப்ராஹீமை மடியில் வைத்துக்கொண்டு பெருமானார் (ஸல்) அவர்களே கண்ணீர் வடித்திருக்கிறார்கள். முன்சென்ற பிள்ளை பெற்றோருக்கு மறுமையில் உதவியாக நிற்கும் என்ற நற்செய்தியை மட்டும் மெல்லச் சொல்லுங்கள். "இன்னும் முன்னாடியே போயிருக்கலாம்" என்ற சொல்லை அவள் காதில் விழவிடாதீர்கள்.

ஆனால் அந்தச் சொல்லுக்கே இடமில்லாதபடி, முன்னாடியே புறப்படச் செய்வது நம் கையில் இருக்கிறது. இம்மாதமே உங்கள் மஹல்லாவில் கூடி, இப்படியொரு குழந்தை பிறந்தால் யார் உடன் போவது, யார் வீட்டில் மற்றப் பிள்ளைகள் தங்குவது என்று பேசி முடிவு செய்துவையுங்கள்.

நோயுற்ற மழலைகள் அனைவருக்கும் அல்லாஹு தஆலா பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அவர்களைச் சுமந்து அலையும் தாய்மார்களின் உள்ளத்தில் அமைதியை இறக்கிவைப்பானாக! அவர்களுக்குத் தோள் கொடுக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.